ஒரு பருவம் மட்டுமே ஆடிய சங்கம்

சிற்றிதழ்களோடு பழகியவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. நான்கு இதழ்களோடு நின்றுபோன பத்திரிகை ஒன்று பழைய புத்தகக் கடையில் கைக்குக் கிடைக்கும். பின்னட்டையில், அடுத்த இதழில் வரவிருக்கும் படைப்புகளின் பட்டியல் இருக்கும். ஆண்டுச் சந்தா அனுப்பவேண்டிய முகவரியும் இருக்கும். அடுத்த இதழ் வரவில்லை என்பது நமக்குத் தெரியும். அந்தப் பட்டியலை அச்சுக்கோத்தவர்களுக்குத் தெரியாது. அந்தப் பின்னட்டையைப் பார்க்கும்போது ஏற்படும் சங்கடம், ஒரு கால்பந்துச் சங்கத்தைப் பற்றிப் படிக்கையிலும் நமக்கு ஏற்பட்டது.

1922 ஜூன் 24 அன்று, இங்கிலாந்தின் ஸ்டோக் நகரைச் சேர்ந்த கோப்ரிஜ் என்ற இடத்தில், மகளிர் கால்பந்துக் கோப்பை ஒன்றின் இறுதி ஆட்டம் நடந்தது. ஸ்டோக் மகளிர் அணி, டான்காஸ்டர்-பென்ட்லி மகளிர் அணியை 3-1 என்ற கோல் கணக்கில் வென்றது. போட்டியை நடத்தியது 'ஆங்கில மகளிர் கால்பந்துச் சங்கம்' என்ற அமைப்பு. இருபதுக்கும் மேற்பட்ட அணிகள் அந்த வசந்தத்தில் கோப்பைக்காக ஆடின. வெள்ளிக் கோப்பையை வழங்கியவர் சங்கத்தின் தலைவர் லென் பிரிட்ஜெட். சங்கம் பிறந்து அப்போது ஏழு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அந்த ஒரு பருவத்துக்குமேல் அது நீடிக்கவும் இல்லை.

இங்கிலாந்தின் பெண்கள் ஒரு தேசியக் கோப்பைக்காக நிலையாக ஆடத் தொடங்கியது 1971இல். தேசிய லீக் ஒன்று அமைந்தது 1991இல். அப்படியானால் 1922இன் அந்தப் பருவம் எங்கிருந்து வந்தது, ஏன் தொடரவில்லை என்ற கேள்வி எழுகிறது. ஆடுவதற்குப் பெண்கள் இல்லை, பார்ப்பதற்கு ஆட்கள் இல்லை என்பது நாம் எளிதில் ஊகிக்கும் விடை. அந்த விடை முழுக்கத் தவறானது.

*

முதல் உலகப்போர் ஆண்களைப் போர்முனைக்கு அனுப்பியது. பெண்களை வெடிகுண்டுத் தொழிற்சாலைகளுக்கு அழைத்தது. டி.என்.டி. என்ற வெடிமருந்தைக் கையாண்டு கையாண்டு தோல் மஞ்சளாகிப்போன பெண்களை மக்கள் 'கேனரிகள்' என்று அழைத்தார்கள். மஞ்சள் நிறப் பறவையின் பெயர் அது. 1914-15 பருவத்தோடு ஆண்களின் கால்பந்து லீக் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. மைதானங்கள் காலியாகக் கிடந்தன. உணவு இடைவேளையில் தொழிற்சாலை முற்றத்தில் பந்தை உதைக்கத் தொடங்கிய பெண்கள், விரைவிலேயே அணிகளாகத் திரண்டார்கள்.

அவற்றில் பெரும்புகழ் பெற்றது லங்காஷயர் மாவட்டத்தின் பிரெஸ்டன் நகரில், டிக் கெர் நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் அமைத்த அணி. அலுவலகப் பணியாளரான ஆல்ஃபிரட் ஃபிராங்க்லண்ட் அதன் மேலாளரானார். 1917 கிறிஸ்துமஸ் நாளில், உள்ளூர் ஆண்கள் கழகத்தின் டீப்டேல் மைதானத்தில், இன்னொரு தொழிற்சாலையின் பெண்கள் அணியை அவர்கள் 4-0 என வென்றார்கள். பார்வையாளர்கள் சுமார் 10,000 பேர். காயமுற்ற படைவீரர்களுக்கான மருத்துவமனைக்கு வசூல் போய்ச் சேர்ந்தது.

போர் முடிந்தது. ஆண்கள் திரும்பினார்கள். 1919இல் ஆண்கள் லீக்கும் மீண்டும் தொடங்கிற்று. போர்க்கால விநோதமாகவே இது இருந்திருந்தால் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1920 வசந்தத்தில் ஆலிஸ் மிலியாவின் தலைமையில் பிரெஞ்சுப் பெண்கள் அணி இங்கிலாந்து வந்து நான்கு ஆட்டங்கள் ஆடியது. பிரெஸ்டனில் நடந்த முதல் ஆட்டத்துக்கு மட்டும் 25,000 பேர் கூடினர். அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி, போரில் எதிரி விமானங்களைத் தேடப் பயன்பட்ட இரண்டு ஒளிக்கற்றை விளக்குகளின் வெளிச்சத்தில், வெள்ளையடித்த பந்துகளைக் கொண்டு, டீப்டேலில் இரவு ஆட்டம் ஒன்று நடந்தது. அந்த விளக்குகளுக்கு அனுமதி வழங்கியவர் அன்றைய போர்த்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். 12,000 பேர் பார்த்தார்கள்.

பத்து நாட்களுக்குப் பின், டிசம்பர் 26 அன்று, லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் மகளிர் அணியும் மோதின. உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். டிக் கெரின் முன்னணி ஆட்டக்காரி ஃபுளோரி ரெட்ஃபர்ட் ரயிலைத் தவறவிட்டார். தற்காப்பில் ஆடிவந்த அணித் தலைவி ஆலிஸ் கெல் இரண்டாம் பாதியில் முன்னணிக்கு வந்து மூன்று கோல்கள் போட்டார். ஆட்டம் 4-0. வசூல் 3,115 பவுண்டு. பதினைந்து வயதை எட்டியிருந்த லில்லி பார் என்ற செயின்ட் ஹெலன்ஸ் பெண் அந்த ஆண்டுதான் டிக் கெர் அணியில் சேர்ந்திருந்தார். இடது ஓரத்திலிருந்து அவர் அடிக்கும் பந்தின் வேகத்தைப் பற்றிக் கதைகள் உருவாகத் தொடங்கியிருந்தன.

1921இல் அந்த அணி 67 ஆட்டங்கள் ஆடியது. மொத்தப் பார்வையாளர்கள் ஏறத்தாழ 9 லட்சம் என்று கணக்கிடப்படுகிறது. நாடு முழுவதும் சுமார் 150 மகளிர் அணிகள் இருந்தன. ஆட்கள் இல்லாததால் நின்ற ஆட்டம் இல்லை இது.

*

ஆனால் இந்த ஆட்டங்களுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை இருந்தது. எல்லாமே தர்மத்துக்காக நடந்தவை. மருத்துவமனை, அநாதை இல்லம், வேலையிழந்த முன்னாள் படைவீரர் நிதி என்று ஏதேனும் ஒரு நற்காரியத்தின் பெயர் சுவரொட்டியில் இருந்தாக வேண்டும். அந்தப் பெயர்தான் மைதானத்தின் கதவைத் திறந்தது. அரைக்கால் சட்டை அணிந்து ஆயிரக்கணக்கான ஆண்களின் முன்னால் பெண்கள் ஓடுவதை அந்தச் சமூகம் சகித்துக்கொண்டதற்கும் அதுவே காரணம்.

நம் ஊர் நாடக வரலாற்றில் 'உதவி நாடகம்' என்று ஒன்று உண்டு. பள்ளிக் கட்டட நிதிக்கு, வெள்ள நிவாரணத்துக்கு என்று நாடகக் குழுக்கள் ஆடும். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நடிப்பதற்கே நிவாரணம் ஒன்றுதான் காரணம் என்றால், வெள்ளம் வடிந்தபின் நடிகரின் நிலை என்ன? பெண்களின் கால்பந்து சந்தித்த நெருக்கடி இதுதான். கருணையின் பெயரால் கிடைத்த அனுமதியைக் கருணையின் பெயராலேயே திரும்பப் பெற முடிந்தது.

திரும்பப் பெறும் சூழல் 1921இல் கனிந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் சுரங்க உரிமையாளர்கள் கூலியைக் குறைத்தார்கள். ஏற்க மறுத்த தொழிலாளர்களுக்குக் கதவை அடைத்தார்கள். மூன்று மாதங்கள் நீடித்த அந்தக் கதவடைப்பின்போது, லங்காஷயர் முதலிய சுரங்கப் பகுதிகளில் பெண்கள் அணிகள் பட்டினி கிடந்த குடும்பங்களுக்காக ஆடி நிதி திரட்டின. ஆடிய பெண்களில் பலர் அந்தக் குடும்பங்களிலிருந்தே வந்தவர்கள். காயமுற்ற படைவீரனுக்குப் பணம் கொடுப்பது தர்மம். முதலாளியை எதிர்த்து நிற்பவனின் வீட்டு அடுப்பு எரியப் பணம் கொடுப்பது வேறு கணக்கில் சேரும். தடைக்கு இது மறைமுகக் காரணங்களுள் ஒன்று என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள். தீர்மானத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. ஆயினும் தர்மத்தின் எல்லை எதுவரை என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி அந்தக் கோடையில் எழுந்துவிட்டது என்பதை நாம் மறுக்க முடியாது.

1921 டிசம்பர் 5 அன்று, ஆண்கள் கால்பந்தை ஆளும் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கால்பந்து பெண்களுக்குச் சற்றும் பொருந்தாத விளையாட்டு, அதை ஊக்குவிக்கலாகாது என்பது அதன் முதற்பகுதி. வசூலில் மிகுந்த பங்கு செலவுகளுக்கே போகிறது, போதுமான பங்கு தர்ம காரியங்களுக்குச் சேரவில்லை என்பது இரண்டாம் பகுதி. ஆகவே சங்கத்தில் இணைந்த கழகங்கள் தம் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது. இங்கிலாந்தில் பெருங்கூட்டம் கொள்ளும் கால்பந்து மைதானங்கள் அனைத்தும் அந்தக் கழகங்களிடமே இருந்தன.

'செலவு' என்று சுட்டப்பட்டது எதை? ஓர் ஆட்டத்துக்குப் பத்து ஷில்லிங் என்ற அளவில் ஆட்டக்காரிகளுக்குக் கொடுக்கப்பட்ட ஈட்டுத்தொகையும், பயணச் செலவும் அதில் முக்கியமானவை. வேலைக்குப் போகாத நாளின் கூலியை இழந்து ஆட எங்களால் இயலாது, அந்த இழப்பை ஈடுசெய்வதில் என்ன தவறு என்று கேட்டார் ஆலிஸ் கெல். அரசுக்கு வெடிகுண்டு செய்தபோது கூலி வாங்கியதை யாரும் குறை சொல்லவில்லை.

*

தீர்மானத்தின் முதற்பகுதிக்கு மருத்துவர்களின் ஆதரவு இருந்தது. அவர்களுள் ஒருவரின் பெயரைக் கண்டபோது நாம் சற்று நேரம் அதிலேயே நின்றுவிட்டோம். லண்டன் ஹார்லி வீதியின் மூத்த பெண் மருத்துவர் மேரி ஷார்லீப். கால்பந்து மிகவும் பொருந்தாத ஆட்டம், ஒரு பெண்ணின் உடலமைப்பு அதைத் தாங்காது என்பது அவர் கருத்து.

சென்னைக்கு இவர் அந்நியர் அல்லர். வழக்கறிஞரான கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்தவர். ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள முடியாத காரணத்தாலேயே பிரசவத்தில் வதைபட்ட பெண்களைப் பற்றி அறிந்து மருத்துவம் படிக்க விரும்பினார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட முதல் நான்கு பெண்களுள் ஒருவர். பிறகு லண்டனில் பட்டம் பெற்று 1883இல் சென்னைக்குத் திரும்பினார். 1885இல் அவர் முயற்சியால் தொடங்கியதுதான் கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை. இன்று அது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. திருவல்லிக்கேணிவாசிகளுக்கு அது இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி'.

மருத்துவப் படிப்பைப் பெண்ணின் உடல் தாங்காது, மனமும் தாங்காது என்று சொல்லப்பட்ட காலத்தில் அந்தக் கதவைத் தட்டித் திறந்தவர் அவர். அவரே எழுபத்தாறாவது வயதில் இன்னொரு கதவை மூடுவதற்குத் தம் பெயரைக் கொடுத்தார். இதைக் கபடம் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது, நியாயமாகாது. ஆயிரக்கணக்கான பிரசவங்களையும் கருப்பை நோய்களையும் கண்ட கைகள் அவருடையவை. பெண்ணின் உடல் எவ்வளவு துன்பப்படும் என்பதை அவர் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. துன்பத்தையே கண்டு கண்டு, அந்த உடலைக் காக்கப்பட வேண்டிய ஒன்றாக மட்டுமே பார்க்கும் பழக்கம் அவரிடம் படிந்திருக்கலாம். அந்த உடல் மகிழ்ச்சிக்காக ஓடவும் கூடும் என்ற எண்ணத்துக்கு அதில் இடமில்லை. கருணை எப்படிக் காவலாக மாறுகிறது என்பதற்கு நமக்கு மிக அருகிலிருந்து கிடைக்கும் சான்று இது. கோஷா ஆஸ்பத்திரியைக் கடக்கும்போது அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

தடைக்குப் பின் டிக் கெர் அணியினர் மருத்துவர்கள் சிலரை ஆட்டம் பார்க்க அழைத்தார்கள். பார்த்த ஒரு மருத்துவர், ஒரு நாள் முழுக்கத் துணி துவைப்பதால் வரக்கூடிய கேட்டைவிட இதில் கூடுதலாக எதுவும் இல்லை என்றார். துணி துவைக்க யாரும் தடை போடவில்லை.

*

ஆங்கில மகளிர் கால்பந்துச் சங்கம் இந்தச் சூழலில்தான் பிறந்தது. தடை அறிவிக்கப்பட்ட அதே டிசம்பரில் அணிகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட அணிகள் இணைந்தன. அவர்கள் செய்தவற்றை நாம் கவனிக்க வேண்டும். தடையை நீக்கும்படி கெஞ்சிக்கொண்டு காத்திருக்காமல், தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள், சட்டதிட்டங்கள் வகுத்தார்கள், ஒரு கோப்பையை அறிவித்து, சுற்றுகளாகப் பிரித்து ஆடினார்கள். அதுவரை பெரும்பாலும் ஒவ்வோர் ஆட்டமும் ஒரு தனி நிகழ்ச்சி. அதற்கென்று ஒரு நற்காரியம் தேவைப்பட்டது. இப்போது ஓர் ஆட்டம் நடப்பதற்கு, அடுத்த சுற்றுக்கு யார் போவது என்பதே போதுமான காரணம். முதன்முறையாக அந்தப் பெண்கள் வெல்வதற்காக மட்டும் ஆடினார்கள்.

ஆனால் காலம் கைகொடுக்கவில்லை. பெரிய மைதானங்கள் இல்லாதபோது நுழைவுக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாதபோது பயணச் செலவுக்கு வழியில்லை. நாட்டிலேயே மிகப் பெரிய கூட்டத்தை ஈர்க்கக்கூடிய டிக் கெர் அணி சங்கத்தில் சேரவில்லை. அது தன் போக்கில் 1922 இலையுதிர்காலத்தில் அமெரிக்காவுக்குப் போய், ஆண்கள் அணிகளோடு ஆடி, வெற்றியும் தோல்வியும் கலந்து திரும்பியது. புகழ் இருந்த அணியிடம் அட்டவணை இல்லை. அட்டவணை இருந்த சங்கத்திடம் புகழ் இல்லை. சிற்றிதழ்க்காரர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை.

பின்னர் 'பிரெஸ்டன் மகளிர் அணி' எனப் பெயர் மாறிய டிக் கெர் அணி, பூங்காக்களிலும் பிற விளையாட்டுத் திடல்களிலும் 1965 வரை ஆடிக்கொண்டிருந்தது. மனநல மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணிபுரிந்துகொண்டே லில்லி பார் 1951 வரை ஆடினார். அவர் போட்ட கோல்கள் 900க்கும் மேல் என்கிறார்கள். உறுதியாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் எளியது. லீக் இல்லாத ஆட்டத்தில் கணக்கெழுதும் பொறுப்பு யாருக்கும் இல்லை. ஒரு தடை ஆட்டத்தை மட்டும் நிறுத்துவதில்லை. ஆடியவற்றின் நினைவையும் கலைத்துவிடுகிறது.

*

1969இல் பெண்களுக்கென்று ஒரு கால்பந்துச் சங்கம் மீண்டும் உருவாயிற்று. 1971இல் பழைய தடை விலகியது. அதற்காக மன்னிப்புக் கேட்க ஆண்கள் சங்கத்துக்கு 2008 வரை ஆயிற்று. 1978இல் மறைந்த லில்லி பார் தடை நீங்கியதைப் பார்த்தார், மன்னிப்பைப் பார்க்கவில்லை.

1991-92இல் இங்கிலாந்தின் முதல் தேசிய மகளிர் லீக் நடந்தது. 24 அணிகள், மூன்று பிரிவுகள். உயர்பிரிவில் முதலிடம் பெற்றது டான்காஸ்டர் பெல்ஸ் அணி. அந்த ஆண்டுக் கோப்பையும் அதற்கே. 1922இல் கோப்ரிஜில் தோற்றுத் திரும்பியதும் டான்காஸ்டர் வட்டாரத்துப் பெண்கள்தாம். இரண்டு அணிகளுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. பெல்ஸ் அணி 1969இல் தோன்றியது. ஆண்கள் ஆட்டத்தின்போது மைதானத்தில் பரிசுச்சீட்டு விற்ற பெண்களே அதைத் தொடங்கினார்கள். ஆயினும் எழுபது ஆண்டு இடைவெளிக்குப் பின் அதே ஊர்ப் பெயர் பட்டியலின் முதல் வரியில் வந்து நிற்பதைக் காண்பதில் நமக்கு ஒரு நிறைவு.

அந்த நிறைவோடு முடித்துவிட முடியவில்லை. 2011இல் எட்டு அணிகளோடு மகளிர் சூப்பர் லீக் தொடங்கியபோது பெல்ஸும் அதில் இருந்தது. 2013 பருவத்தில் ஒரே ஓர் ஆட்டம் முடிந்திருந்த நிலையில், அடுத்த பருவம் முதல் அந்த அணி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வெற்றி தோல்வி அதற்கு அளவுகோலாக இருக்கவில்லை. உரிமம், நிதிநிலை, வசதிகள் ஆகியவையே அளவுகோல்கள். உயர்பிரிவில் இடம்பெற்ற புதிய அணி, செல்வம் மிகுந்த மான்செஸ்டர் சிட்டி. மேல்முறையீடு பலிக்கவில்லை. 2017-18இல் பெல்ஸ் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றது. பணமில்லாததால் மேலும் கீழிறங்க நேர்ந்தது. 1921இல் கணக்குப் புத்தகத்தைக் காட்டிப் பெண்களை வெளியேற்றினார்கள். இம்முறையும் கணக்குப் புத்தகமே பேசியது. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை, பட்டியல் தொடர்ந்தது என்பது வேற்றுமை. அது சிறிய வேற்றுமை இல்லை. எனினும் மைதானத்தில் பெற்றதை மைதானத்தில்தான் இழக்க வேண்டும் என்ற எளிய நியாயத்துக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கிறது.

2023 அக்டோபர் 1 அன்று, லண்டனில் ஆர்சனல் மகளிர் அணியும் லிவர்பூல் மகளிர் அணியும் ஆடிய லீக் ஆட்டத்துக்கு 54,115 பேர் வந்தார்கள். இங்கிலாந்தின் பெண்கள் லீக் ஆட்டம் ஒன்றில், குடிசன் பார்க்கின் 53,000 என்ற எண்ணிக்கை கடக்கப்பட்டது அன்றுதான். இடையில் ஏறத்தாழ 103 ஆண்டுகள் போயிருந்தன. அந்த ஆட்டத்தில் ஆர்சனல் தோற்றது. எந்த நற்காரியத்துக்காக அது நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆர்சனலுக்குப் புள்ளி எதுவும் கிடைக்கவில்லை, அடுத்த வாரம் அடுத்த ஆட்டம், அவ்வளவுதான். கோப்ரிஜில் கோப்பையைக் கையில் ஏந்திய பெண்களும், வெறுங்கையோடு டான்காஸ்டருக்கு ரயிலேறிய பெண்களும் கேட்டதும் அதிகமாக ஒன்றுமில்லை: அடுத்த ஆண்டும் ஓர் அட்டவணை.